வீடியோவைத் தொடாமலேயே போனுக்குள் வரலாம்!

‘மார்ட்டினெல்லி’ என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வரப்போகிறது, அதைத் திறந்தால் போன் ஹேக் ஆகிவிடும், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்று ஓர் எச்சரிக்கை உங்கள் குடும்ப குரூப்புக்கும் வந்திருக்கலாம். பல வருடங்களாகப் பல மொழிகளில் உலகைச் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி இது. ‘டான்ஸ் ஆஃப் தி போப்’ என்ற இன்னொரு வீடியோவின் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இரண்டும் சுத்தமான புரளி. அப்படி எந்த வீடியோவும் கிடையாது.

ஆனால், அந்தப் புரளிக்குள் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. பார்ப்பதற்காக அனுப்பப்படும் ஒரு வீடியோவால் போனைக் கைப்பற்ற முடியுமா?

முடியும். நடந்தும் இருக்கிறது. புரளி சொல்வதைவிட நிஜம் கொஞ்சம் மோசம். சில நேரங்களில் நீங்கள் அந்த வீடியோவைத் திறக்கவே வேண்டாம். போன் தானாகவே அதன் சின்னப் படத்தைத் தயார் செய்து காட்டுகிறதே, அதுவே போதும்.

எப்படி என்று புரிந்துகொள்ள, நம் பத்திரிகைகளில் மார்கழி மாதம் வரும் கோலப் பக்கத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி

கோலத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி இருக்கும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். நடுவில் 15 புள்ளி வைத்து, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து 8-ல் நிறுத்துவார்கள். வாசல் முழுக்கப் பரவும் புள்ளிகளை ஒவ்வொன்றாக அச்சிட்டுக் காட்ட வேண்டியதில்லை. பெரிய படத்தைச் சின்னக் குறிப்பாக மாற்றி அனுப்பி, வாங்குபவர் அதை மறுபடியும் படமாக விரித்துக்கொள்ள வைப்பதுதான் கம்ப்ரெஷன். வீடியோவைச் சுருக்குவதும் அடிப்படையில் இந்த வேலைதான்.

வீடியோவை ஏன் சுருக்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஃபுல் ஹெச்.டி வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமிலும் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 எனச் சுமார் 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட். நொடிக்கு 30 ஃபிரேம். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 187 எம்.பி! ஒரு நிமிட வீடியோவே 11 ஜி.பி-யைத் தாண்டிவிடும். பேத்தி பாட்டுக்கு ஆடுவதை ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு அனுப்பினால், அவருடைய ஒரு மாத டேட்டாவும் அதற்கே போதாது.

அதே ஒரு நிமிட வீடியோவைச் சுருக்கி 40 எம்.பி-க்குள் கொண்டுவந்துவிடலாம். இந்த மாயத்தைச் செய்வதில் உலகெங்கும் அதிகம் பயன்படும் முறைகளில் ஒன்று, 2003-ம் ஆண்டு வெளியான ஹெச்.264 என்ற தரநிலை. யூடியூப், வீடியோ கால், சி.சி.டி.வி, உங்கள் போன் கேமரா என எல்லா இடத்திலும் இது இருக்கிறது.

இது என்ன செய்கிறது? முதல் ஃபிரேமை முழுப் படமாக அனுப்பும். அடுத்த ஃபிரேமில் பின்னால் இருக்கும் சுவர் அப்படியேதான் இருக்கிறது, பேத்தியின் கை மட்டும் நகர்ந்திருக்கிறது என்றால், ‘சுவரை அப்படியே வைத்துக்கொள். இந்தக் கட்டத்தில் இருப்பதை எடுத்து நான்கு புள்ளி வலப்பக்கம் நகர்த்து’ என்று குறிப்பு மட்டும் அனுப்பும். ஆக, உங்களுக்கு வருவது ‘படம் வரைவதற்கான கட்டளைகளின் பட்டியல்’. அந்தக் கட்டளைகளைப் படித்துப் படமாக விரிக்கும் பகுதிக்கு டீகோடர் என்று பெயர்.

கட்டளை என்று வந்துவிட்டாலே, தவறான கட்டளையும் வரலாம் அல்லவா? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வாசலைத் தாண்டும் புள்ளிகள்

உங்கள் வீட்டு வாசலில் 15 புள்ளி வைக்கத்தான் இடம் இருக்கிறது. கோலக் குறிப்பில் 150 புள்ளி என்று இருக்கிறது. புத்தியுள்ள மனிதர், ‘அச்சுப் பிழை’ என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார். சொன்னதை மட்டும் செய்யும் ஒருவர்? புள்ளி வைத்துக்கொண்டே போவார். உங்கள் வாசல் முடிந்து, பக்கத்து வீட்டு வாசலில் ஏற்கெனவே போட்டிருக்கும் கோலத்தின் மேலும் புள்ளி விழும்.

கம்ப்யூட்டரின் நினைவகத்திலும் இதுவே நடக்கும. ஒரு வேலைக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதினால், பக்கத்தில் இருக்கும் வேறொரு வேலையின் தகவல் அழிந்து, அந்த இடத்தில் புதிய தகவல் உட்கார்ந்துகொள்ளும். தற்செயலாக நடந்தால் போன் நின்றுபோய் மறுபடி ஆன் ஆகும். எந்தப் புள்ளி எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒருவர் இதைச் செய்தால், போன் அவர் சொல்வதைக் கேட்க ஆரம்பித்துவிடும்.

2022 மார்ச் 31 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐ.ஓ.எஸ் 15.4.1 என்ற அவசர அப்டேட்டை வெளியிட்டது. அதில் சரிசெய்யப்பட்ட பிழைக்கு சி.வி.இ-2022-22675 என்று எண். ஐபோனில் வீடியோவை விரிக்கும் ‘ஆப்பிள் ஏ.வி.டி’ என்ற பகுதியில் இருந்த ஓட்டை அது. தாக்குதலுக்கு இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஆப்பிளே அந்த அறிவிப்பில் சொன்னது.

கூகுளின் ‘புராஜெக்ட் ஜீரோ’ ஆய்வுக் குழு பிறகு அதை அலசியது. ஹெச்.264 வீடியோவில், டேட்டா எந்த வேகத்தில் வரும் என்பதைச் சொல்லும் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் 32 வரிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தரநிலையின் விதி. ஐபோனும் 32 வரிகளுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால், வீடியோ உண்மையில் அந்த விதியை மதிக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 32-க்கு மேல் எண்ணைப் போட்டு அனுப்பினால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிக்கொண்டே போனது. வாசலைத் தாண்டிய கோலம்! ‘எண் 32-க்குள் இருக்கிறதா’ என்ற ஒற்றைக் கேள்வி விட்டுப்போனதால் வந்த வினை.

சிப் ஏன் இதில் வருகிறது?

வீடியோவை விரிப்பது கடுமையான கணக்கு வேலை. போனின் பொதுவான பிராசஸர் அதைச் செய்தால் போன் சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் வீடியோவுக்கென்றே தனியாக ஒரு பகுதியைச் சிப்புக்குள் வைத்துவிடுகிறார்கள். இதுதான் ஹார்டுவேர் டீகோடர். இரண்டரை மணி நேரப் படத்தை போனில் பார்த்த பிறகும் சார்ஜ் மிச்சம் இருப்பதற்கு இந்தப் பகுதிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால், இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. நாம் இன்ஸ்டால் செய்யும் ஆப்களை எல்லாம் போன் தனித்தனி அறைகளில் பூட்டித்தான் வைத்திருக்கும். ஒரு ஆப்பில் ஓட்டை என்றாலும், உள்ளே வந்தவர் அந்த அறையைத் தாண்டுவது கஷ்டம். சிப்பிடம் நேரடியாக வேலை வாங்கும் டிரைவர் என்ற மென்பொருள் அப்படியில்லை. அது இருப்பது கெர்னல் என்கிற, மொத்த போனையும் ஆளும் மையப் பகுதியில். வீட்டுக்காரர் போல எல்லா அறைச் சாவியும் அதன் இடுப்பில் இருக்கும்.

யோசித்துப் பாருங்கள். முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய கட்டளைப் பட்டியலை, போனிலேயே அதிக அதிகாரம் உள்ள இடத்தில் உட்கார்ந்து படிக்கிறோம். ஐபோன் பிழையில் நடந்தது இதுதான். அதைப் பயன்படுத்தினால் கெர்னலின் அதிகாரத்தோடு எதையும் இயக்கலாம் என்று ஆப்பிளின் குறிப்பு சொன்னது. மெசேஜ், கேமரா, மைக், இருக்குமிடம் என எதற்குமே அதன் பிறகு பூட்டு இல்லை.

இலக்கணம் சரி, பொருள் பொய்

இவ்வளவு முக்கியமான இடத்தில் இருக்கும் பிழைகளை ஏன் முன்பே கண்டுபிடிக்கவில்லை?

மென்பொருள்களைச் சோதிக்க ஒரு முரட்டு வழி உண்டு. ஒரு ஃபைலை எடுத்து, அங்கங்கே கண்டபடி மாற்றி, லட்சக்கணக்கில் அனுப்பிப் பார்ப்பது. எதிலாவது மென்பொருள் தடுமாறினால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். வீடியோவில் இது சரியாக வேலை செய்யாது. சுருக்கப்பட்ட வீடியோ என்பது இடைவெளியே விடாமல் நெருக்கி எழுதிய ஒரு நீண்ட ஓலை மாதிரி. நடுவில் ஓர் எழுத்தை மாற்றினால், அதன் பிறகு எங்கே எந்தச் சொல் பிரிகிறது என்பதே குழம்பி, மீதி எல்லாம் உளறலாகிவிடும். டீகோடர் வாசலிலேயே அதைத் தள்ளிவிடும். உள்ளறையில் இருக்கும் ஓட்டை வரைக்கும் அந்த ஃபைல் போகவே போகாது.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைச் சேர்ந்த வில்லி வாஸ்குவெஸ், ஹோவாவ் ஷாச்சம், ஓபர்லின் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் செக்கோவே ஆகிய மூவரும் இதற்கு வழி கண்டார்கள். அவர்கள் உருவாக்கிய கருவியின் பெயர் ‘ஹெச்26ஃபோர்ஜ்’. இது வீடியோவை முழுசாகப் பிரித்துப் போட்டு, உள்ளே இருக்கும் ஒரு எண்ணை மட்டும் பொய்யாக மாற்றி, மறுபடி முறைப்படி சுருக்கிக் கட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இலக்கணம் சுத்தமாக இருக்கும். டீகோடர் நம்பி உள்ளே விடும். பொருள்தான் பொய்.

2023-ல் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்கு ‘உலகின் மிக ஆபத்தான கோடெக்’ என்று பொருள்படும் தலைப்பு வைத்திருந்தார்கள். ஐபோனின் கெர்னலில், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில், வி.எல்.சி பிளேயரில், பல ஆண்ட்ராய்டு போன்களின் வீடியோ சிப்களில் எனத் தோண்டிய இடமெல்லாம் பிழைகள் கிடைத்தன. ஃபயர்ஃபாக்ஸ் விஷயம் கேட்கவே வேடிக்கையாக இருக்கும். எம்.பி.4 ஃபைலின் மேலுறையில் வீடியோவின் அகல உயரம் எழுதியிருக்கும். உள்ளே ஹெச்.264 குறிப்பிலும் அது எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று பிரவுசர் நம்பியது. வேறு வேறாக எழுதி அனுப்பினார்கள். பிரவுசர் தனக்கு ஒதுக்காத நினைவகப் பகுதியைப் போய்ப் படித்தது. ஆய்வாளர்கள் பிழைகளை அந்தந்த நிறுவனங்களிடம் முன்கூட்டியே சொல்லி, திருத்தங்கள் வர வழிசெய்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் போன்ற மென்பொருளின் நிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பிழை பார்க்கலாம். சிப்புக்குள் இருக்கும் மென்பொருள் அப்படியல்ல. அதை எழுதிய நிறுவனத்தைத் தவிர வெளியாட்கள் பார்க்க முடியாது. எத்தனை ஓட்டை இருக்கிறது என்பதை வெளியிலிருந்து தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தொடாமலே எப்படி?

ஒரு வீடியோ உங்கள் போனுக்கு வந்ததும் என்னவெல்லாம் நடக்கிறது? ஆப் அதை டவுன்லோடு செய்கிறது. முதல் ஃபிரேமை விரித்துச் சின்னப் படமாகக் காட்டுகிறது. கேலரி அதைத் தன் வரிசையில் சேர்த்து, தானும் ஒரு சின்னப் படம் தயாரிக்கிறது. இத்தனையும் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே நடக்கலாம். ஒவ்வொரு முறையும் டீகோடர் அந்தக் கட்டளைகளைப் படித்தாக வேண்டும்.

2015 ஜூலையில் உலகத்துக்கு இது புரிந்தது. ஆண்ட்ராய்டில் ஆடியோ, வீடியோவைக் கையாளும் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற பகுதியில் பெரிய ஓட்டைகள் இருப்பதை ஸிம்பீரியம் நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் அறிவித்தார். போன் நம்பர் மட்டும் தெரிந்தால் போதும், ஒரு எம்.எம்.எஸ் வீடியோ அனுப்பியே உள்ளே நுழையலாம். சுமார் 95 கோடி போன்களுக்கு ஆபத்து என்று அந்த நிறுவனம் மதிப்பிட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் கூகுளும் சாம்சங்கும் மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் தரும் வழக்கத்துக்கு வந்தன. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனில் மாதத்தின் பெயரோடு வரும் அந்த அப்டேட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு வீடியோ ஓட்டை!

2019 நவம்பரில் வாட்ஸ்அப்பிலேயே எம்.பி.4 ஃபைலைக் கையாளும் இடத்தில் ஓர் ஓட்டை வெளிவந்தது. இந்திய அரசின் கணினி அவசர உதவிக் குழுவான ‘செர்ட்-இன்’, உடனே ஆப்பை அப்டேட் செய்யும்படி எச்சரிக்கை விடுத்தது. அந்த ஓட்டையால் யாரும் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்று வாட்ஸ்அப் தரப்பு சொன்னது.

2021-ல் வெளிச்சத்துக்கு வந்தது இன்னும் பயங்கரம். சவுதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபோனைச் சோதித்த கனடாவின் சிட்டிசன் லேப், பெகாசஸ் உளவு மென்பொருள் நுழைந்த வழியைக் கண்டுபிடித்தது. வந்தது வீடியோ அல்ல, படம். ஜிஃப் என்று பெயர் போட்டுக்கொண்டு வந்த ஃபைலுக்குள், ஸ்கேன் செய்த காகிதங்களைச் சுருக்கும் ஜேபிக்2 என்ற பழைய முறையில் எழுதிய கட்டளைகள் இருந்தன. 70,000-க்கும் மேற்பட்ட அந்தக் கட்டளைகள் சேர்ந்து போனுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரையே கட்டியிருந்தன என்று புராஜெக்ட் ஜீரோ விளக்கியது. போன் வைத்திருந்தவர் எதையும் தொடவில்லை.

பெட்டியும் கேமராவும்

வீடியோவை விரிக்கும் பக்கம் மட்டும் அல்ல, சுருக்கி அனுப்பும் பக்கத்திலும் பிரச்னை உண்டு. தொலைக்காட்சி நேரலைக்கும் இணைய ஒளிபரப்புக்கும் பயன்படும் என்கோடர் பெட்டிகளை, பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸி கொஜெனோவ் 2020-ல் சோதித்தார். ஹைசிலிகான் சிப் வைத்துப் பல நிறுவனங்கள் விற்ற பெட்டிகள் அவை. யாராலும் மாற்ற முடியாதபடி உள்ளேயே எழுதிவைத்த நிர்வாகி பாஸ்வேர்டு, பாஸ்வேர்டே கேட்காமல் வெளியே போகும் வீடியோ எனக் கதவுகள் அகலத் திறந்து கிடந்தன. பிழைகள் சிப்பிலிருந்தோ அதனுடன் தாங்கள் தரும் மென்பொருளிலிருந்தோ வரவில்லை என்று ஹைசிலிகானின் தாய் நிறுவனமான ஹுவாவே மறுத்தது. சிப் ஒருவருடையது, மென்பொருள் இன்னொருவருடையது, மேலே ஒட்டிய பெயர் மூன்றாமவருடையது. பிழை வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

நம் வீட்டு வாசலிலும் கடையிலும் தெருவிலும் மாட்டியிருக்கும் சி.சி.டி.வி-யும் இதே குடும்பம்தான். இணையத்தோடு இணையும் ஒவ்வொரு கேமராவுக்குள்ளும் வீடியோ சுருக்கும் சிப் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் இணைய சி.சி.டி.வி கேமராக்களின் ஹார்டுவேரும் மென்பொருளும் அரசு ஏற்ற ஆய்வகங்களில் சோதிக்கப்பட வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. புதுக் கேமரா வாங்குபவர்கள் அந்தச் சான்று இருக்கிறதா என்று கடையில் கேட்கலாம். ‘விலை குறைவு, படம் பளிச்’ என்பதோடு நின்றுவிட வேண்டாம்.

பாட்டி கையில் பழைய போன்

இவ்வளவும் படித்த பிறகு ஒரு சந்தேகம் வரும். இதெல்லாம் பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகளுக்கு வரும் ஆபத்து. நம் போனில் என்ன இருக்கிறது?

பாதி சரி. யாருக்குமே தெரியாத புது ஓட்டை ஒன்றுக்கு உலகச் சந்தையில் கோடிக்கணக்கில் விலை. அதை உங்கள் பாட்டியின் பென்ஷன் பணத்துக்காக யாரும் செலவழிக்க மாட்டார்கள். ஆனால், ஓட்டை சரிசெய்யப்பட்ட நாளில் கதை மாறுகிறது. என்ன பிழை, எங்கே பிழை என்பது அன்றே வெளியே தெரிந்துவிடும். ஆய்வாளர்கள் விளக்கிக் கட்டுரை எழுதுவார்கள். கோடிகள் விலை போன ரகசியம், படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த யாருக்கும் இலவசமாகிவிடும். அப்டேட் போட்ட போனுக்கு அதனால் கவலையில்லை. அப்டேட் வராத போனுக்கு அந்த ஓட்டை எப்போதும் திறந்தே இருக்கும்.

நம் வீடுகளில் அப்டேட் வராத போன் யாரிடம் இருக்கிறது? மகன் புது போன் வாங்குகிறான். அவனுடைய பழைய போன் அம்மாவுக்குப் போகிறது. அம்மாவின் பழைய போன் பாட்டிக்கு, அல்லது ஆன்லைன் வகுப்புக்கென்று பேரனுக்கு. கடைசிக் கையில் போய்ச் சேரும்போது அந்த போன் அப்டேட்டை மறந்து வருடங்கள் ஆகியிருக்கும். குட்மார்னிங் வீடியோக்கள் அதிகம் வந்து குவிவதும் அந்தக் கையில்தான். பேங்க் ஓ.டி.பி வருவதும், யு.பி.ஐ இருப்பதும் பல நேரம் அதே போனில்தான்.

‘ஆப்கள் எல்லாம் அப்டேட் ஆகிக்கொண்டுதானே இருக்கின்றன’ என்று நினைக்கலாம். நல்லதுதான், வாட்ஸ்அப் ஓட்டைக்கு அது போதும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து, மென்பொருளாக இருக்கும் வீடியோ டீகோடர்களையும் கூகுள் பிளே வழியாகவே திருத்த முடிகிறது. ஆனால், சிப்பில் இருக்கும் ஹார்டுவேர் டீகோடருக்கும் அதன் டிரைவருக்கும் அந்த வழி இல்லை. சிப் தயாரித்தவர் திருத்தி, போன் தயாரித்தவர் அதைச் சோதித்து, சிஸ்டம் அப்டேட்டாக அனுப்பினால்தான் உண்டு. போன் நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

இந்தச் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதற்கு ஓர் உதாரணம். ஆப்பிள் தன் அலாக் என்ற ஆடியோ சுருக்கும் முறையின் நிரலை 2011-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. குவால்காமும் மீடியாடெக்கும் அதை எடுத்துத் தங்கள் சிப்களோடு சேர்த்தன. அந்தப் பழைய நிரலில் ஓட்டை இருப்பதை செக் பாயின்ட் நிறுவனம் கண்டுபிடித்துச் சொல்லி, 2021 டிசம்பரில்தான் திருத்தம் வந்தது. இடைப்பட்ட பத்து வருடங்களில் விற்ற போன்கள் எத்தனை கைகள் மாறியிருக்கும்!

என்ன செய்யலாம்?

பயந்து வீடியோ பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் இருக்கும் போன்களை எல்லாம் ஒன்றாக வைத்து இவற்றைப் பாருங்கள்.

1. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், ‘அபவுட் போன்’ அல்லது ‘செக்யூரிட்டி’ பகுதியில் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்ற வரியில் இருக்கும் தேதியைப் பாருங்கள். ஐபோனில் ‘ஜெனரல்’ பகுதியில் ‘சாஃப்ட்வேர் அப்டேட்’. காத்திருக்கும் அப்டேட் இருந்தால் உடனே போடுங்கள்.

2. தேதி ஒரு வருடத்துக்கும் மேல் பழையது, புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்த போனில் பேங்க் ஆப்பும் யு.பி.ஐ-யும் வேண்டாம். படம் பார்க்க, பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள். பேங்கில் பதிவு செய்த நம்பரின் சிம் அதில் இருந்தால், அதையும் வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள்.

3. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்டு டேட்டா’ போய், ‘மீடியா ஆட்டோ டவுன்லோட்’ பகுதியில் வீடியோவை எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் கேட்டால் மட்டுமே வீடியோ போனுக்குள் வரும். டேட்டாவும் மிச்சம்.

4. பிரைவசி பகுதியில் ‘குரூப்ஸ்’ போய், உங்கள் கான்டாக்டில் இருப்பவர்கள் மட்டுமே உங்களை குரூப்பில் சேர்க்க முடியும் என்று மாற்றுங்கள்.

5. ஒரு வீடியோவை எல்லோருக்கும் காட்ட வேண்டுமா? முடிந்தால் ஃபைலாக ஃபார்வர்டு செய்யாமல் யூடியூப் லிங்க்காக அனுப்புங்கள். யூடியூப் தன்னிடம் வரும் ஒவ்வொரு வீடியோவையும் விரித்து, தானே மறுபடி புதிதாகச் சுருக்குகிறது. பொய்க் கட்டளை ஏதாவது இருந்தால் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும். வாட்ஸ்அப் போன்ற ஆப்களில் மெசேஜ் பூட்டப்பட்டுப் போவதால், நடுவில் இருக்கும் கம்பெனியால் வீடியோவைப் பிரித்துப் பார்க்க முடியாது. நம் ரகசியத்துக்கு அது நல்லது. ஆனால், சோதனைச் சாவடியும் அங்கே இல்லை.

6. பத்திரிகை, சட்டம், சமூகப் பணி என்று உளவுக்கு ஆளாக வாய்ப்புள்ள வேலையில் இருப்பவர்கள் ஐபோனில் ‘லாக்டவுன் மோட்’ வசதியை ஆன் செய்துகொள்ளலாம். 2022-ல் வந்த ஐ.ஓ.எஸ் 16-லிருந்து இருக்கிறது. மெசேஜில் வரும் பல வகை இணைப்புகளை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

7. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று ஏ.பி.கே என முடியும் ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். நம் ஊரில் சாதாரண மக்களின் பணத்தைப் பறிக்க ஓட்டை தேடும் சிரமமே மோசடிக்காரர்களுக்கு வேண்டியிருப்பதில்லை. நம் விரலாலேயே கதவைத் திறக்க வைத்துவிடுகிறார்கள்.

புது போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். அதோடு ‘இதற்கு எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் தருவார்கள்?’ என்றும் கேளுங்கள். 2023-ல் வந்த பிக்சல் 8-க்கும், 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருடம் என்று அந்த நிறுவனங்கள் அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்று விதியே கொண்டுவந்துவிட்டது. விலை குறைந்த போன்களிலும் இந்தக் கேள்வியை நாம் கேட்க ஆரம்பித்தால்தான் இங்கேயும் பதில் வரும். 3 வருட அப்டேட் உள்ள போனை 2 வருடம் நீங்கள் வைத்திருந்து அம்மாவிடம் கொடுத்தால், அம்மாவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வருடம். அந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டு வாங்குங்கள்.

ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் போனை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். மேலே ‘சிஸ்டம் அப்டேட்’ என்று ஒரு நோட்டிஃபிகேஷன் பல வாரங்களாகக் காத்துக்கொண்டிருக்கும். ‘எதையாவது அமுக்கி என்னவாவது ஆகிவிடுமோ’ என்ற பயத்தில் அவர்கள் தொட்டிருக்கவே மாட்டார்கள். வைஃபை இருக்கும் இடத்தில், சார்ஜரில் போட்டு, நீங்களே அதை அமுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.